தேர்வும் அச்சமும்

கற்பார்க்கு ஆண்டின் பதினொரு திங்களும் ஒரு நிறையாகவும், தேர்வுத் திங்கள் ஒன்றே அவ்வளவு நிறையாகவும் தோன்றும். மாசி பிறந்த அளவில், பள்ளியிறுதி வகுப்பிலும் மேனிலை வகுப்பிலும் பயிலும் பிள்ளைகளையுடைய வீடுகள் தம் இயல்பு மாறி நிற்கின்றன. தொலைக்காட்சி வாய் மூடுகின்றது; உறவினர் வரவு குறைகின்றது; திருமணத்திற்குச் சென்றுவர அன்னைக்கும் விடுப்பில்லை; விளக்கு மட்டும் நள்ளிரவு கடந்தும் எரிகின்றது. இவையெல்லாம் பிள்ளையின் நலங்கருதிச் செய்யப்படுவனவே. எனினும், விளக்கெரிந்த அளவிற்குப் பிள்ளையின் உள்ளம் ஒளிபெறுகின்றதா என்று கேட்பார் மிகச் சிலர். கல்லூரியிற் பயிலும் நாம் அவ்வாயிலைக் கடந்து வந்துள்ளோம். நம் தம்பியரும் தங்கையரும் இன்று அதன்முன் நிற்கின்றனர். ஆதலின், இதனைப்பற்றிச் சில கூறுதல் நமக்குக் கடனாகின்றது.

தேர்வுக் காலத்தில் மாணவரை வருத்தும் நோய்கள் இரண்டு. ஒன்று மறதி, மற்றொன்று அச்சம். இவ்விரண்டையும் வேறு வேறாகக் கருதி, வேறு வேறு மருந்து தேடுதல் உலக வழக்கு. மறதிக்கு வல்லாரையும் பாதாம்பருப்பும் ஊட்டுகின்றனர். அச்சத்திற்கு 'அஞ்சாதே' என்று அறிவுரை கூறுகின்றனர். நாம் கருதுவது வேறு. இவ்விரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை. அவ்வேராவது, கண்ணுக்குப் பழகிய ஒன்றைக் கருத்திற் பதிந்ததாக எண்ணி மயங்குதல். ஒரு பாடத்தை ஆறேழு முறை படித்த மாணவனுக்கு அதன் வரிகள் பழகிய முகங்களைப்போல் தோன்றுகின்றன. எந்தப் படம் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் அவன் அறிவான். 'இஃது எனக்குத் தெரியும்' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுகின்றான். ஆயின், நூலை மூடிவைத்து 'இனிச் சொல்' என்றால் அவனுக்கு நா எழுவதில்லை. வழியில் நாள்தோறும் காணும் ஒருவர் முகம் நமக்கு நன்கு தெரியும். அவர் பெயரைக் கேட்டால் விழிக்கின்றோம் அன்றோ? அதுபோன்றதே இது. தான் அறிந்தது எவ்வளவு என்பதை அளந்தறியாத மாணவன் உள்ளத்தில் ஓர் ஐயம் ஒளிந்திருக்கின்றது. தேர்வு நெருங்க நெருங்க அவ்வையமே அச்சமாய் வளர்கின்றது. எனவே, இருநோய்க்கும் தலையாய மருந்து ஒன்றே: நூலை மூடிவைத்துத் தன்னைத் தானே வினவிக் கொள்ளுதல்.

இம்மருந்து புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்தி உவமை கூறுகின்றார். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கும் உவமைகளாம். இவற்றுள் ஆவும் கிளியும் ஈண்டு நமக்கு உரியன. ஆவானது புல் மிகுந்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து, தின்றதைச் சிறிது சிறிதாக வாய்க்கு வருவித்து அசைபோடுகின்றது. கிளியோ கற்பித்த சொல்லைக் கற்பித்தவாறே சொல்கின்றது. அதற்குமேல் ஒரு சொல்லும் அறியாது. இன்று நம் பள்ளிகளிற் பெரிதும் பாராட்டப்படுவது கிளியே. அதனைக் கடையென்று நன்னூலார் தள்ளவில்லை என்பதும் கருதத்தக்கது, இடையில் வைத்தார். ஆதலின், மனப்பாடத்தை முற்றும் பழிப்பாரோடு நாம் உடன்படோம். செய்யுளும் வாய்பாடும் வேதியியற் குறியீடும் மனத்தில் நின்றாலன்றி மேற்செல்ல இயலாது. ஆயினும், கிளியின் நிலையிலேயே நின்றுவிட்ட மாணவன், வினாவில் ஒரு சொல் மாறியிருப்பினும் திகைத்துப் போகின்றான். அசைபோட்டுப் பழகியவனுக்கு அத்திகைப்பு இல்லை.

நூல் பயிலும் இயல்பையும் அம்முனிவர் கூறியுள்ளார். கேட்ட பாடத்தை மீண்டும் நினைந்து பார்த்தலும், உடன்பயில்வாரோடு கலந்து பயிலுதலும், ஐயுற்றதை வினவுதலும், பிறர் வினவியதற்கு விடையிறுத்தலும் அவற்றுட் சில. இன்னும் ஒரு கணக்கும் தருகின்றார். ஆசிரியர் கூறியதை நன்கு கருத்திற் கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்குதான். உடன்பயில்வாரோடு பழகுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு விரித்துரைப்பதால் வருவது. இக்கணக்கை இற்றைப் பள்ளியிறுதி மாணவன் ஒருவனுடைய நாளோடு ஒப்பிட்டு நோக்குக. விடியலில் தனிவகுப்பு, பகலெல்லாம் பள்ளி, மாலையில் மீண்டும் தனிவகுப்பு. அஃதாவது, ஆசிரியர்பாற் பெறும் காற்பங்கையே மும்முறை பெறுவதற்கு நாள் முழுதும் செலவாகின்றது. மற்றை முக்காற்பங்கிற்கு அவனுக்கு நேரம் எங்கே?

மேனாட்டு உளநூலாரும் வேறு வழியிற் சென்று இதே முடிவிற்கு வந்துள்ளனர். செருமானிய நாட்டு எபிங்கௌசு என்பார், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியின் இயல்பை அளந்து, 1885ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கற்றதிற் பெரும்பகுதி முதற் சில மணி நேரத்திலேயே நழுவிப் போகின்றது என்பதும், பின்னர் மறதியின் விரைவு குறைகின்றது என்பதும் அவர் கண்டவை. ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பகுத்து ஓதியபோது 38 முறையிலேயே அவர் பெற்றார். உழைப்பு ஏறத்தாழப் பாதி, பயன் ஒன்றே. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் ஒரு பாடத்தையே உருப்போடும் மாணவன், ஒரு பொருளுக்கு இருமடங்கு விலை கொடுக்கின்றான் என்க.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு உளநூலாராகிய ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் கல்லூரி மாணவரைக் கொண்டு செய்த ஆய்வு, நம் பொருளுக்கு இன்னும் அணுக்கமானது. ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு வேளையும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு வேளை மட்டும் படித்து, மற்றை மூன்று வேளையும் அதனைக் காணாமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு வேளை படித்தவர் நூற்றுக்கு 83 பங்கும், எழுதிப் பார்த்தவர் 71 பங்கும் நினைவிற் கொண்டிருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவர் 40 பங்கிற்கு இறங்கினர். எழுதிப் பார்த்தவர் 61 பங்கில் நின்றனர். இதனினும் வியப்புடையது ஒன்றுண்டு. 'ஒரு வாரம் கழித்தும் எமக்கு நன்கு நினைவிருக்கும்' என்று முன்னரே மிகுதியாக நம்பியவர், நான்கு வேளை படித்த அச்சாராரே. நாம் மேலே கூறிய மயக்கம் இதுதான். படிக்கும்போது நமக்குத் தோன்றும் மனநிறைவு, நம் அறிவிற்கு நம்பத்தக்க அளவுகோலாகாது.

இனிச் செயல்முறையைக் கூறுவோம். உயிரியலில் ஒளிச்சேர்க்கை என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை பொருளுணர்ந்து படித்தபின் நூலை மூடுக. இலை எதனை உட்கொள்கின்றது, எதனை வெளிவிடுகின்றது, பச்சையத்தின் வேலை யாது, கதிரொளி இல்லையாயின் என்னாகும் என்று தானே வினா எழுப்பி, வெறுந்தாளில் தன் சொற்களால் விடை எழுதுக. பிறகு நூலைத் திறந்து, விடுபட்டதையும் பிழைபட்டதையும் வேறு நிற மையாற் குறித்துக்கொள்க. மறுநாள் முதலிற் படிக்க வேண்டியது அக்குறியிட்ட பகுதியே. மறுநாள் ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, இரு வாரம் கழித்து ஒருமுறை முழுப்பாடத்தையும் இவ்வாறு வினவிப் பார்த்தால், அது தேர்வு நாள்வரை உடன்வரும்.

கணிதத்தில், பிறர் தீர்த்துக்காட்டிய எடுத்துக்காட்டைப் படித்துத் தலையசைப்பதாற் பயன் சிறிதே. அதனை மறைத்துவைத்துத் தானே போட்டுப் பார்த்தல் வேண்டும். பல பாடத்துக் கணக்குகளைக் கலந்து போடுதல் இன்னும் நன்று. எக்கணக்கிற்கு எவ்வழி என்று தெரிந்தெடுக்கும் ஆற்றல் அதனால் வரும். மனப்பாடச் செய்யுளாயின் எதுகையும் மோனையும் நமக்குத் துணை. அடிதோறும் முதற்சீரை மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை ஓசையோடு சொல்லிப் பார்க்க. இரண்டொரு நாளில் அம்முதற்சீர்களும் வேண்டாவாம். வரலாற்றில் ஆண்டுகளைத் தனித்தனியே உருப்போடாது, ஒரு நிகழ்ச்சி மற்றொன்றிற்கு யாங்ஙனம் காரணமாயிற்று என்று வீட்டிலுள்ளார்க்குக் கதைபோற் சொல்லிப் பார்க்க. படிக்கும் இடத்தில் கைப்பேசி இருத்தலாகாது. அதனை அடுத்த அறையில் வைத்தல் நன்று. முக்கால் மணி நேரம் கருத்தூன்றிப் பயின்றால், சிறிது நேரம் எழுந்து உலாவுக.

இதற்குத் தடை கூறுவார் இருவகையினர். 'பாடமோ மலைபோல் உள்ளது. மூடிவைத்து எழுதிப் பார்க்க நேரம் ஏது?' என்பார் ஒருவகையினர். ஏழு முறை படிக்க நேரமுடையார்க்கு, இருமுறை படித்து மும்முறை எழுத நேரம் இல்லாமற் போவதில்லை. இம்முறை தொடக்கத்திற் கடினமாகத் தோன்றும் என்பது உண்மையே. நினைவுக்கு எளிதில் வாராத ஒன்றை முயன்று வருவிக்கும் அத்தொல்லையே அதனை உள்ளத்தில் ஆழப் பதிக்கின்றது. மணலில் ஏர் எளிதாக ஓடும், விளைச்சலோ குறைவு.

'நம் பள்ளிகளில் நாள்தோறும் தேர்வு நடக்கின்றதே. அவ்வளவு தேர்வுகளாலும் மாணவர் அச்சம் தீர்ந்ததோ?' என்பார் மற்றொரு வகையினர். இவ்வினா எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. பல பள்ளிகளில் காலையில் தேர்வு நடக்கின்றது. மாலையில் மதிப்பெண் வரிசையாகப் படிக்கப்படுகின்றது. குறைந்தவர் எழுந்து நிற்கின்றனர். சிலர் பெற்றோரை அழைத்துவரப் பணிக்கப்படுகின்றனர். மறுநாள் அடுத்த தேர்வு வந்துவிடுகின்றது. தவறிய விடை ஏன் தவறிற்று என்று அமர்ந்து நோக்க அரைமணி நேரமும் இல்லை. மருத்துவர் நாடி பார்ப்பது நோயறிந்து மருந்து தருதற்காக. நாடியை மட்டும் பார்த்து, 'உன் நாடி கெட்டது' என்று ஊரறியச் சொல்லி அனுப்பிவிடும் மருத்துவரால் யார்க்கு நலம்? தேர்வென்னும் கருவி ஒன்றே; அதனைத் திருத்தத்திற்குப் பயன்படுத்தினால் அச்சம் குறையும், இழிவுபடுத்தப் பயன்படுத்தினால் அச்சம் பெருகும். ஆதலின், பள்ளித் தேர்வுகளின் தொகையைப் பாதியாகக் குறைத்து, மிஞ்சும் நேரத்தை விடைத்தாளை மாணவரே திருத்திக்கொள்வதற்கு அளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

நிற்க, உறக்கத்தைப்பற்றி ஒரு சொல். உறங்கும் நேரம் வீண் என்று எண்ணிக் காப்பியும் தேநீரும் பருகிக் கண்விழிப்பார் பலர். 1924ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சென்கின்சு, டாலன்பாக்கு என்பார் இரு மாணவரைக் கொண்டு ஆய்ந்தனர். அசைகளைக் கற்றபின் எட்டு மணி நேரம் உறங்கினால் அவற்றிற் பாதிக்கு மேலும், அதே எட்டு மணி நேரம் விழித்திருந்தால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குமே நினைவில் நின்றன. ஆய்வுக்கு உட்பட்டார் இருவரே ஆயினும், பின்னர் நிகழ்ந்த பல ஆய்வுகளும் உறக்கம் நினைவைக் காக்கின்றது என்பதையே நிறுவியுள்ளன. 13 முதல் 18 வயதினர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்குதல் வேண்டும் என்று மருத்துவர் கூறுகின்றனர். ஆ அசைபோடுவதும் அமர்ந்து இளைப்பாறும்போதே அன்றோ?

இனி அச்சத்தை நேரே நோக்குவோம். அதனை வேரோடு ஒழித்தல் இயலாது. ஒழிக்க வேண்டுவதும் இல்லை. எர்க்சு, டாட்சன் என்னும் இருவர் 1908ஆம் ஆண்டில் சுண்டெலிகளைப் பயிற்றி ஆய்ந்தபோது, கடினமான பணியைக் கற்பதற்குத் தூண்டுதல் மிகக் குறைந்தாலும் தீது, மிக மிகுந்தாலும் தீது, இடைப்பட்ட அளவே நன்று எனக் கண்டனர். அடுப்பில் தீ சிறிதும் இல்லையாயின் சோறு வேகாது, மிகுந்தாலோ அடிபிடிக்கும். தேர்வன்று காலையில் நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் உடல் தன்னை வினைக்கு ஆயத்தம் செய்வதன் அடையாளங்களே. அவற்றைக் கண்டு 'எல்லாம் மறந்துபோயிற்று' என்று கலங்குதல் வேண்டா. மூச்சை உள்ளிழுத்த நேரத்தினும் மிகுந்த நேரம் எடுத்து மெல்ல வெளிவிடுதலைச் சிலமுறை செய்தால் படபடப்புத் தணியும். தேர்வுக்குச் சற்றுமுன் தம் கவலைகளைப் பத்து நிமிடம் ஒரு தாளில் எழுதிய மாணவர், குறிப்பாக மிகுதியாக அஞ்சும் இயல்புடையோர், அவ்வாறு எழுதாதவரினும் நன்கு செய்தனர் என்று இராமிரேசு, பைலாக்கு என்பார் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தேர்வுக்கூடத்தில் வினாத்தாளைப் படித்தற்கென்றே தொடக்கத்திற் பத்து நிமிடம் அளிக்கப்படுகின்றது. அந்நேரத்தில் நன்கறிந்த வினாக்களைக் குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து தொடங்குக. வெளியே வந்தபின், முடிந்த தேர்வின் விடைகளை வாயிலில் நின்று ஒப்பிட்டு வருந்துவதால் அடுத்த தேர்வின் நேரமே குறையும்.

இவ்வளவும் மாணவர் கையில் உள்ளவை. அவர் கையில் இல்லாதவையும் உள. பிள்ளை மதிப்பெண்ணைக் குடும்ப மானமாக எண்ணும் வீட்டில் எம்முறையும் பயன் தராது. 'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' என்னும் ஒரு சொல், நான்கு நாட் படிப்பைக் கெடுக்க வல்லது. 2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை வெளியிடும் வழக்கத்தை நிறுத்தியது, அது நற்செயல். ஆயினும், தெருமுனைகளில் மதிப்பெண்ணும் முகமுமாக விளம்பரப் பலகைகள் எழுவது நின்றபாடில்லை. அவ்வழியே நாள்தோறும் நடந்து செல்லும் நடுத்தர மாணவன் உள்ளம் என்ன பாடுபடும் என்று அவற்றை நாட்டுவோர் எண்ணுவதில்லை. தேர்வு முடிவு வெளிவரும் நாட்களில் இளம் உயிர் ஒன்று போயிற்று என்னும் செய்தியை நாளிதழிற் படித்து நாம் கண்கலங்கியதுண்டு. எந்த மதிப்பெண்ணும் ஓர் உயிருக்கு ஈடன்று. தவறியவர்க்கு அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு உண்டு, ஓராண்டும் வீணாவதில்லை. தனியே தாங்கவொண்ணாத் துயர் உற்றவர் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவியாளரோடு இரவுபகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். இவ்வுதவி 2022ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. இவ்வெண்ணைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவைத்தல் பெற்றோர் கடன்.

கல்லூரி மாணவராகிய நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளியை நடத்திய ஆந்திரு பெல் என்னும் குருவானவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்து, அம்முறையைப்பற்றி 1797ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்து அதனைச் 'சென்னை முறை' என்றே பெயரிட்டு ஏற்றது. அம்முறைக்குப் பெயர் தந்த நாட்டில் வாழும் நாம் அதனை மறத்தல் தகுமோ? விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும், தேர்வெழுதும் தம்பி தங்கையர் இருவர் மூவரை மாலையில் ஒருமணி நேரம் திண்ணையில் அமர்த்திக்கொள்ளலாம். பாடம் நடத்த வேண்டா. அவர்கள் பாடம் நடத்த நாம் மாணவராய் அமர்ந்து கேட்போம். விளங்காத இடத்தில் வினவுவோம். தவறினால் நகையாது மீண்டும் சொல்லச் சொல்வோம். நன்னூலார் கூறிய அரைப்பங்கு அவர்க்குக் கிட்டும். தமக்கு என்ன தெரியும் என்பதைத் தம் வாயாலேயே கேட்டறிந்த பிள்ளைகள், பங்குனியில் தேர்வுக்கூடத்திற்குள் அச்சம் அளவிற்பட்டவராய் நுழைவர். இவ்வாண்டு விடுமுறையிலேயே இதனைத் தொடங்குவோமாக.